பயிலாத உள்ளமும் பாவனையின் தொடக்கமும்

முன்னுரை

மாந்தர்க்கு மிக அண்மையில் உள்ளது யாது என வினவின், அவரவர் உள்ளமே எனல் வேண்டும். மிகச் சேய்மையில் உள்ளது யாது என வினவினும் அதுவே விடையாம். கையையுங் காலையும் நாம் எண்ணியவாறு இயக்குகின்றோம். ஆயின், சிறிது பொழுது ஒரு பொருளில் நில் என்று உள்ளத்தை ஏவினால், அஃது ஏவலைக் கேட்ட அப்பொழுதே மறந்து வேறெங்கோ சென்றுவிடுகின்றது. சென்றதனையும் நாம் அறிகின்றோமில்லை. அது திரும்பி வந்த பின்னரே, அது சென்றிருந்தமை நமக்குப் புலனாகின்றது. நூல் பல கற்றாரும் இக்குறைக்கு விலக்கல்லர். வகுப்பறையில் ஆசிரியர் முன் அமர்ந்திருக்கும் நம்முள் எத்துணைப் பேர் மெய்யாகவே அங்கு இருக்கின்றோம் என்பதனை நாமே நன்கு அறிவோம்.

சென்ற ஆண்டில் நம் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற்கு மணிமேகலை பாடமாய் அமைந்தது. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய அந்நூலை 1898-ஆம் ஆண்டிற் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள், அதன்கண் வரும் பௌத்தக் குறியீடுகட்குப் பொருள் காணும் பொருட்டுப் பட்ட பாடு பெரிது. அவர் செப்பனிட்ட வழியில் நடக்கும் நமக்கோ அத்துணை இடர் இல்லை. ஆயினும், முப்பதாங் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் அறவுரையின் முடிவில் நிற்குஞ் சில சொற்கள் நம்மை விடாது பற்றிக்கொண்டன. பற்று, செற்றம், மயக்கம் என்னும் மூன்றனையும் அறுத்தற்கு வழி கூறும் அவ்விடத்து, மயக்கம் நீங்குதற்குச் சுருதி, சிந்தனை, பாவனை, தரிசனை என்னும் நான்கினை அடிகள் வைக்கின்றார். கேட்டல், எண்ணல், பயிற்றல், காண்டல் என அவற்றை நாம் தமிழாக்கிக் கொள்ளலாம்.

தேர்விற்குரிய குறிப்பு எழுதும் அளவிற்கே பாலி நூல்களின் மொழிபெயர்ப்புக்களைப் புரட்டத் தொடங்கினோம். புரட்டப் புரட்ட, வேறொரு சமயத்தின் கோட்பாட்டைப் படிக்கின்றோம் என்னும் எண்ணம் மெல்ல மறைந்தது. நம்மையே ஒருவர் நெடுநாள் உடனிருந்து நோக்கி எழுதி வைத்தாற்போன்றதோர் உணர்ச்சி உண்டாயிற்று. அவ்வாறு கற்றதனை உடன் பயில்வார்க்கு உரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். பௌத்தம் முழுவதையும் ஆராய்தல் நம் கருத்தன்று. பயிலாத உள்ளம் எத்தகையது, அதனைப் பயிற்றப் புகுவார் எவ்விடத்துத் தொடங்குவர் என்னும் இரண்டுமே ஈண்டுக் கூறப்படும்.

கேள்வியில்லாதவர்

பாலி நூல்களிற் பொதுமகனைக் குறிக்க வழங்குஞ் சொல் புதுஜ்ஜனன் என்பது. இதன் முதலில் நிற்கும் 'புது' என்பது நம் மொழியிலுள்ள புதுமைச் சொல்லன்று; பலர், வெவ்வேறானவர் என்னும் பொருளது. இச்சொல்லுக்கு அடைமொழியாக அஸ்ஸுதவா என்பது பெரும்பாலும் உடன் வரும். கேளாதவன் என்பதே அதன் நேர்பொருள். இவனுக்கு மறுதலையாக வைத்துப் பேசப்படுபவன் அரிய சாவகன்; அஃதாவது, கேட்டவன். சாவகர் என்னுஞ் சொல் சமணருள் இல்லறத்தாரைக் குறித்துச் சிலப்பதிகாரத்தில் வழங்குதலை நாம் அறிவோம். அதுவும் கேட்டல் என்னும் வினையடியாகப் பிறந்ததே. அறவண அடிகள் சுருதியை முதற்கண் வைத்ததன் காரணமும் இதனால் விளங்கும். திருக்குறளிற் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களின் பின்னர்க் கேள்விக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுக்கப்பட்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இதனால் நாம் அறியற்பாலது ஒன்று உண்டு. பயிலாத உள்ளத்தைப் பௌத்த நூல்கள் தீயவன் உள்ளம் என்றோ, அறிவிலி உள்ளம் என்றோ கூறவில்லை. அது தன்னைப்பற்றிக் கேளாத உள்ளம், அவ்வளவே. பல கலைகளைக் கற்றவரும் இவ்வகையிற் கேளாதவராதல் கூடும்.

அங்குத்தர நிகாயத்தின் முதற்பகுதியில் இக்கருத்து மிகச் சுருங்கிய முறையிற் கூறப்படுகின்றது. உள்ளம் இயல்பில் ஒளியுடையது. அதன்மேற் படிந்துள்ள மாசுகள் விருந்தாய் வந்தவை. கேளாதவன் இதனை உள்ளவாறு அறியான். ஆதலின் அவனுக்கு உள்ளப் பாவனை இல்லை என்பது அதன் கருத்து. வந்த மாசினை வீட்டுக்குடையவன் என்று எண்ணிவிடுபவன் அதனை வெளியேற்ற முயல்வானோ? முயலான். "எனக்குச் சினம் மிகுதி, அஃது என் பிறவிக்குணம்" என்று சொல்லி அமைந்துவிடுவான்.

பாவனை என்னுஞ் சொல் இக்காலத் தமிழில் நடிப்பு, போலச் செய்தல் என்னும் பொருள்களில் இழிந்து வழங்குகின்றது. அதன் பழம்பொருள் உண்டாக்குதல், வளர்த்தல் என்பது. உழவன் நிலத்தைப் பண்படுத்துதல் போல உள்ளத்தைப் பண்படுத்தலே பாவனை. வெறுமனே கண்ணை மூடி அமர்தல் அன்று.

குரங்கும் இரண்டு அம்புகளும்

பயிலாத உள்ளத்தின் இயல்பைக் காட்டப் புத்தர் கூறியதாகச் சம்யுத்த நிகாயத்திற் காணப்படும் உவமைகளுள் பெயர்பெற்றது குரங்கு. காட்டிற் செல்லுங் குரங்கு ஒரு கிளையைப் பற்றுகின்றது. அதனை விட்டு வேறொன்றைப் பற்றுகின்றது. அதனையும் விட்டு மற்றொன்றைப் பற்றுகின்றது. உள்ளமும் இரவும் பகலும் ஒன்றாய்த் தோன்றி மற்றொன்றாய் மறைகின்றது. குரங்குவமை நம் நாட்டாரும் நன்கறிந்ததே. ஆயின், அவ்விடத்துப் புத்தர் அதனோடு சேர்த்துக் கூறும் வாதம் புதுமையுடையது. கேளாதவன் எதனையேனும் 'நான்' என்று கொள்ளுதல் ஒழியாதாயின், உள்ளத்தை அவ்வாறு கொள்வதினும் உடலைக் கொள்வது நன்று என்கின்றார். என்னை? உடலாவது ஓராண்டு, பத்தாண்டு, நூறாண்டுகூட நிற்றல் காண்கின்றோம். உள்ளமோ கணப்பொழுதும் ஒருபடித்தாய் நிற்பதில்லை. உடல் அழியும், உள்ளமே நிலைத்த 'நான்' என்று எளிதாகச் சொல்லிவிடும் நம் வழக்கத்தை இவ்வாதம் தலைகீழாக்குகின்றது. இம்முடிபை நாம் ஏற்பினும் ஏலாதொழியினும், இதற்கு விடை கூறுமுன் நம் உள்ளத்தைச் சிறிதேனும் நோக்கியிருத்தல் வேண்டும்.

மற்றோர் உவமை இரண்டு அம்புகளைப் பற்றியது. கேளாதவனும் துன்பம் நுகர்கின்றான். கேட்டவனும் துன்பம் நுகர்கின்றான். இருவர்க்கும் வேறுபாடு யாது? கேளாதவன் உடலில் நோவு உண்டானபோது உள்ளத்திலும் அழுது புலம்பி மயங்குகின்றான். அவன் ஓர் அம்பால் எய்யப்பட்டு, உடனே இரண்டாம் அம்பாலும் எய்யப்பட்டவனை ஒப்பான். கேட்டவன்மேல் முதலம்பு மட்டும் படுகின்றது. முதலம்பு படாதிருத்தற்கு ஒரு வழியும் அந்நூல் கூறவில்லை என்பது கருதத்தக்கது. நோவும் இழப்பும் யாவர்க்கும் உரியன.

இப்பகுதியை நாம் முதன்முதற் படித்த நாளில் நூலை மூடி வைத்துவிட்டோம். காரணங் கூறுதும். அதற்குச் சில திங்கள் முன்னர், நம்மை வளர்த்த பாட்டியார் நோயுற்றிருத்தலை வீட்டினர் தொலைபேசியில் அறிவித்தனர். இடைத்தேர்வு முடிதற்கு எட்டு நாட்கள் இருந்தன. முடிந்தவுடன் வருகின்றோம் என்று விடை சொன்னோம். ஐந்தாம் நாள் அவர் இறந்தார். அவர் பிரிவு முதலம்பு. அது வயது முதிர்ந்தார் எவர்க்கும் ஒருநாள் வருவது. "கேட்டபொழுதே சென்றிருக்கலாகாதா? வினாத்தாளா பெரிது?" என்று விடுதியறையில் இரவுதோறும் நம்மை நாமே எய்துகொண்டது இரண்டாம் அம்பு. அதனை எய்தவர் யார் என்று அதுகாறும் நாம் வினவியதே இல்லை.

ஆறு உயிர்களும் ஒரு தூணும்

பயிற்சி எங்குத் தொடங்குகின்றது என்பதனைக் காட்டும் உவமையும் சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. ஒருவன் பாம்பு, முதலை, பறவை, நாய், நரி, குரங்கு ஆகிய ஆறு உயிர்களைப் பிடித்துத் தனித்தனிக் கயிற்றாற் பிணித்து, அக்கயிறுகளை ஒன்றாக முடிந்து விடுகின்றான். பாம்பு புற்றுக்கும், முதலை நீருக்கும், பறவை வானுக்கும், நாய் ஊருக்கும், நரி சுடுகாட்டிற்கும், குரங்கு காட்டிற்கும் செல்ல இழுக்கின்றன. எது வலியதோ அதன்பின் ஏனையவை இழுபட்டுச் செல்கின்றன. கண், செவி, மூக்கு, நா, மெய், மனம் என்னும் ஆறும் இவ்வாறே தத்தமக்கு இனியவற்றை நோக்கி இழுக்கின்றன. அவ்வப்போது வென்றதன்பின் செல்வதனையே நாம் 'என் விருப்பம்' என்று பெயரிட்டு அழைக்கின்றோம்.

இனி, அக்கயிறுகளை ஓர் உறுதியான தூணிற் கட்டினால் நிகழ்வது யாது? முன்போலவே அவை இழுக்கும். இழுத்து இழுத்து ஓய்ந்து, தூணின் அருகிலேயே நிற்கும், அமரும், படுக்கும். அத்தூண் யாது எனின், உடலின்கண் வைத்த நினைவு என்பது விடை. இந்நினைவினைச் சதி என்று பாலியில் வழங்குவர். ஸ்மிருதி என்னும் வடசொல்லின் திரிபு அது. உயிர்களைக் கொல்லவோ அடிக்கவோ வேண்டுமென்று உவமை கூறாமை நோக்குக. இழுப்பது அவற்றின் இயல்பு. இழுத்தற்கு இடங்கொடாது நிற்றல் தூணின் இயல்பு.

தொடங்குமுன் ஆராய வேண்டியவை

பாவனை தொடங்குவார்க்குரிய முறைகளை விரிவாகத் தொகுத்துக் கூறும் நூல் விசுத்திமார்க்கம். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில், இலங்கையின் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் இதனை இயற்றினார். இவர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தமை இவர்தம் உரைநூலொன்றன் இறுதியிற் குறிக்கப்பட்டுள்ளது. இவர் காலத்தை ஒட்டி வாழ்ந்த புத்ததத்தர் சோழநாட்டினர். காவிரிக்கரையில் இருந்து பாலியில் நூல்கள் செய்தவர். ஆகவே, இம்முறைகள் தமிழகத்திற்கு ஒருகாலத்தில் அயலாய் இருந்தனவல்ல.

பாவனைக்குரிய பொருளைக் கம்மட்டானம் என்று புத்தகோசர் அழைக்கின்றார். தொழில்செய்யும் இடம் என்பது இதன் பொருள். தொழிலாளரைக் கம்மியர் என்று கூறும் நம் பழந்தமிழ் வழக்கோடு இஃது ஒத்தலைக் காண்க. இத்தகைய தொழிலிடங்கள் நாற்பது என்று அவர் எண்ணுகின்றார். அவற்றுட் சில சிலர்க்கே பொருந்தும். ஆசை மிக்கார், சினம் மிக்கார், மயக்கம் மிக்கார், நம்பிக்கை மிக்கார், அறிவு மிக்கார், எண்ணம் மிக்கார் என மாந்தரை ஆறு வகையினராகப் பகுத்து, மருத்துவன் நோயறிந்து மருந்து கொடுப்பது போல, ஆசிரியன் அவரவர்க்கு ஏற்றதனைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மயக்கமும் எண்ணமும் மிக்கார்க்கு உரியதாக அவர் வகுத்தது, மூச்சின்மேல் வைக்கும் நினைவு. ஆனாபானசதி என்பது அதன் பெயர். கல்லூரி மாணவராகிய நம்மிற் பெரும்பாலார் எவ்வகையினர் என்று நாம் கூறவும் வேண்டுமோ?

தொடங்குமுன் நீக்க வேண்டிய தடைகள் பத்து என்றும் அவர் கூறுகின்றார். உறைவிடம், ஆதரிக்குங் குடும்பம், வருவாய், மாணவர் கூட்டம், கட்டட வேலை, வழிப்பயணம், உறவினர், நோய், நூல், சித்தி என்பன அவை. நூலும் ஒரு தடை என்று கண்டவுடன் தமிழ்ச் சிறப்பு மாணவர் சிலர் மகிழ்ச்சியடைந்தனர். ஓதுதலிலேயே இடையறாது ஈடுபட்டார்க்கே அது தடை என்று அடுத்து வருதலை அவர்க்குக் காட்ட வேண்டியதாயிற்று.

ஆயின், நம் நெஞ்சிற் பதிந்தது உறவினரைப் பற்றிய பகுதி. துறவு நூலாதலின், உறவினரைத் துறந்துவிடுக என்று கூறும் என எதிர்பார்த்தோம். அந்நூல் அவ்வாறு கூறவில்லை. உறவினர் நோயுற்றிருக்கும்போதே அவர் தடையாகின்றனர். ஆதலின், அவர்க்கு வேண்டிய பணிவிடை செய்து நலமுறச் செய்வதே அத்தடையை நீக்கும் வழி என்கின்றது. கடமையைச் செய்யாது விட்டுவந்தவன் எவ்வளவு தனிமையான இடத்தில் அமரினும், அவனுடன் அக்கடமையும் வந்து அமரும் என்பது பெறப்படும். இதனை நாம் எட்டு நாட்களுக்கு முன்னன்று, எட்டுத் திங்கள் கழித்துக் கற்றோம்.

மூச்சினை எண்ணுதல்

மச்சிம நிகாயத்தின் பத்தாவது சுத்தமாகிய சதிபட்டானம், குரு நாட்டுக் கம்மாசதம்மம் என்னும் ஊரிற் புத்தர் கூறியது. பயில்வோன் காட்டிற்கேனும், மரத்தடிக்கேனும், ஆளில்லாத இல்லிற்கேனும் சென்று, கால்களை மடக்கி, உடலை நேர்நிறுத்தி அமர்ந்து, நினைவை முன்னிறுத்துகின்றான். நெடிய மூச்சு உள்வாங்கின் நெடிது என்று அறிகின்றான். குறிய மூச்சாயிற் குறிது என்று அறிகின்றான். தேர்ந்த கடைசற்காரன் ஒருவன் தன் கயிற்றை நெடிதாக இழுக்கும்போது நெடிது என்றும், குறிதாக இழுக்கும்போது குறிது என்றும் அறிதல் இதற்கு உவமை. மூச்சை அடக்குக என்றோ, நீட்டுக என்றோ கூறப்படவில்லை. யோக நூல்களிற் பேசப்படும் பிராணாயாமத்தினின்றும் இது வேறுபடும் இடம் இதுவே. மூச்சு தானே நிகழ்கின்றது. உள்ளம் அதனை அறிகின்றது.

இஃது எளிதுபோல் தோன்றும். எளிதன்று என்பதனைப் புத்தகோசர் நன்கறிவார். ஆதலின், தொடங்குவோன் மூச்சினை எண்ணுக என்கின்றார். ஐந்திற் குறையாமலும், பத்தின் மிகாமலும் எண்ணுதல் வேண்டும். ஐந்திற் குறையின், சிறு தொழுவில் அடைபட்ட மாடுகள் போல உள்ளம் நெருக்குண்டு துள்ளும். பத்தின் மிகுமாயின், உள்ளம் மூச்சை விட்டு எண்ணிக்கையிற் சென்று பற்றும். முதலில் நெல் அளப்பவன் போல மெல்ல எண்ண வேண்டும். அவன் மரக்காலை நிறைத்து, 'ஒன்று' எனச் சொல்லிக் கொட்டி, மீண்டும் நிறைக்கின்றான். நம் நாட்டுக் களங்களில் ஒன்று என்பதற்கு மாறாக 'லாபம்' என்று தொடங்குவர், முறை ஒன்றே. எண்ணுதல் பழகியபின், தொழுவின் வாயிலில் இருந்து கையிற் கூழாங்கற்களுடன், நெருங்கி வெளிவரும் மாடுகளை எண்ணும் ஆயன் போல விரைந்து எண்ண வேண்டும். நாளடைவில் எண்ணுதலை விட்டு, மூச்சு மூக்கின் நுனியிலோ மேலுதட்டிலோ தொடும் இடத்தில் மட்டும் நினைவை நிறுத்துதல் வேண்டும்.

உள்ளே செல்லும் மூச்சின்பின் உள்ளத்தை உள்ளே அனுப்புதலும், வெளிவரும் மூச்சின்பின் வெளியே அனுப்புதலும் தவறு. இதற்கும் இரண்டு உவமைகள் காட்டப்படுகின்றன. நகரவாயில் காப்போன், நகரினுள்ளார் யார், புறத்தார் யார் என்று ஆராய்ந்து திரிவதில்லை. வாயிலை அடைந்தாரையே நோக்குகின்றான். மரம் அறுப்பவன், வாளின் பற்கள் வருதலையும் போதலையும் நோக்குவதில்லை. பல் மரத்தைத் தொடும் இடத்தையே நோக்குகின்றான். எனினும், பற்கள் வருதலும் போதலும் அவனுக்குத் தெரியாமற் போவதில்லை, மரமும் அறுபடுகின்றது.

கன்றின் உவமையும் ஒன்று உண்டு. அடங்காப் பசுவின் பாலுண்டு வளர்ந்த கன்றினைப் பழக்க விரும்பும் ஆயன் அதனைத் தாயினின்றும் பிரித்து, ஒரு தூணிற் கட்டுகின்றான். அஃது இங்குமங்கும் ஓடித் துள்ளுகின்றது. கயிற்றை அறுத்தல் இயலாமையால், முடிவில் தூணடியிற் படுக்கின்றது. நெடுநாள் கண்டதும் கேட்டதும் ஆகிய சுவையை உண்டு வளர்ந்த உள்ளம் அக்கன்று, மூச்சு அத்தூண், நினைவு அக்கயிறு.

ஐந்து தடைகளும் யாழ் நரம்பும்

தொடங்கிய உள்ளத்தை மறைப்பன ஐந்து. காமவிருப்பம், சினம், மடியும் உறக்கமும், அலைவும் கழிவிரக்கமும், ஐயம் என்பன அவை. நீர் நிறைந்த கலத்தில் முகம் நோக்குவானை வைத்து இவை விளக்கப்படுகின்றன. சாயங் கலந்த நீர் காமவிருப்பம். கொதிக்கும் நீர் சினம். பாசி மூடிய நீர் மடி. காற்றால் அலையும் நீர் அலைவு. கலங்கிச் சேறாகி இருளில் வைக்கப்பட்ட நீர் ஐயம். ஐந்திலும் முகம் தெரியாது. ஆயின், ஐந்திலும் நீர் உள்ளது, முகமும் உள்ளது. கெட்டது நீரன்று, நீரின் நிலை.

நான்காவதில் அலைவுடன் கழிவிரக்கத்தைச் சேர்த்து வைத்தமை ஆழ்ந்த கருத்துடையது. செய்யத்தகாததனைச் செய்தமை பற்றியும், செய்யத்தக்கதனைச் செய்யாமை பற்றியும் வருந்தும் உள்ளம் ஒரு நல்லொழுக்கத்தைக் காட்டுவதாகவே நாம் எண்ணியிருந்தோம். அஃது உண்மையை உணர்ந்து திருந்துமளவும் நன்மையே. திருந்தியபின்னும் ஓயாது சுழலுமாயின், அது காற்றாகி நீரை அலைக்கின்றது. இனிச் செய்யத்தக்கது யாது என்பதனையும் காணவொட்டாமல் மறைக்கின்றது.

தடையை நீக்கவும் அளவு வேண்டும். சோணர் என்னும் பிக்கு இராசகிருகத்தை அடுத்த குளிர்ந்த வனத்திற் கடுமையாக முயன்றார். பயன் காணாமையால், வீடு திரும்பிச் செல்வத்தை நுகர்ந்து அறஞ்செய்து வாழ்தலே நன்று என்று எண்ணினார். அவர் முன்னர் யாழ் வாசிப்பதில் வல்லவர். நரம்பு மிக முறுக்கப்பட்டபோது இசை எழுந்ததா, மிகத் தளர்ந்தபோது எழுந்ததா என்று புத்தர் அவரை வினவினார். இரண்டிலும் இல்லை என்றார் சோணர். முயற்சி மிகின் அலைவாம்; குறையின் மடியாம் என்று புத்தர் விளக்கினார். அவரவர் அறிந்த தொழிலினின்றே அவரவர்க்கு விடை எடுத்துக் கொடுத்த அவ்வாசிரியத் திறன் வியக்கத்தக்கது.

நாம் முயன்று கண்டது

கற்றதனைச் சோதியாமல் எழுதுதல் நேர்மையன்று எனக் கருதி, விடுதி மாடியில் விடியற்காலை மணியடிக்குமுன் நாடோறும் சிறிது நேரம் அமர்ந்தோம். முதல்நாள் நான்கு வரை எண்ணினோம். பின்னர் உணவு விடுதிக் கணக்கும், முடிக்காத கட்டுரையும், நண்பர் ஒருவர் சொன்ன சொல்லும் வந்தன. நினைவு திரும்பியபோது 'பதினேழு' என்று எண்ணிக்கொண்டிருந்தோம்! பத்திற்குமேல் எண்ணலாகாது என்ற விதியை மீறினோம் என்பதும், மீறியது யார் என்று அறியோம் என்பதும் ஒருங்கே தோன்ற, நகைத்துவிட்டோம். மூன்று கிழமை சென்றபின்னும் தவறாமற் பத்தினை அடைந்த நாட்கள் சிலவே. ஆயினும் ஒரு வேறுபாடு கண்டோம். முன்னர் உள்ளம் சென்று நெடுநேரம் கழிந்தே அறிந்தோம். பின்னர்ச் சிறிது முன்னதாக அறிந்தோம். பாட்டியாரைப் பற்றிய கழிவிரக்கமும் எண்ணிக்கையின் நடுவே வந்தது. 'இஃது இரண்டாம் அம்பு' என்று அறிந்தபோது, அது மறையவில்லை. ஆனால், அதனை எடுத்து மீண்டும் எய்தல் நின்றது.

கிறித்தவராகிய நமக்கு இஃது எவ்வாறு பொருந்தும் என்று நண்பர் சிலர் வினவினர். வினா தக்கதே. பௌத்தப் பாவனை வழிபாடன்று. அதில் அழைக்கப்படும் கடவுள் இல்லை. நாமோ வேண்டுதலில் ஒருவர் முன்னிலையில் நிற்கின்றோம். இவ்வேறுபாட்டை மறைத்து இரண்டும் ஒன்றே என்று கூறுதல் இரு சமயங்கட்கும் இழைக்கும் பிழையாம். ஆயின், ஆலயத்தில் மண்டியிட்ட நம் உள்ளம் எங்கெங்குத் திரிகின்றது என்பதனை விடுதி மாடியிலேயே நாம் முதலில் கண்டோம் என்பதனையும் மறைத்தல் தகாது. உதடு சொல்லும் வேண்டுதலை உள்ளம் கேளாதிருத்தல், நம் சமயப் பெரியோரும் வருந்தி ஆராய்ந்த குறையே. எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்து கி.பி. 399-இல் மறைந்த எவாக்கிரியுசு என்னுந் துறவி, வேண்டுதலைக் கெடுக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். காமம், சினம், சோர்வு மூன்றும் அவற்றுள்ளும் உள்ளன. நோய் யாவர்க்கும் பொதுவாதலின், அதனைக் கூர்ந்து கண்டாரின் சொல்லும் யாவர்க்கும் பயன்படும்.

முடிவுரை

இம்முறைகள் பழைய ஏடுகளிலேயே முடங்கிவிட்டனவல்ல. பர்மா நாட்டிற் பிறந்து 1982-இல் மறைந்த மகாசி சயாதோ, வயிறு எழுதலையும் தாழ்தலையும் நோக்கும் முறையால் இல்லறத்தார் பலரையும் பயிற்றினார். 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பகுதியில் யோன் கபாட்-சின் என்பார், நீங்கா நோவுடைய நோயாளர்க்கு இந்நினைவுப் பயிற்சியை அமைத்தார். ஆயினும், பாவனை அமைதி பெறுதற்கான ஓர் உபாயமாக மட்டும் கருதப்படின், அறவண அடிகள் முதலில் வைத்த கேட்டல் விடுபட்டுப்போம். ஒழுக்கமும் கடமையும் முன்னிற்க, பயிற்றல் பின் வருவதே அவர் காட்டிய முறை.

சென்ற விடுமுறையில் நாம் ஊருக்குச் சென்று பாட்டனாருடன் திண்ணையில் இருந்தோம். பாட்டியாரின் இறுதி நாட்களைப் பற்றி அவர் மெல்லச் சொன்னார், இடையிடையே நிறுத்தினார், சொன்னதனையே மீண்டுஞ் சொன்னார். நம் உள்ளம் இருமுறை வெளியே சென்றது. இருமுறையும் அறிந்து அழைத்து வந்து, அவர் சொல்லின்மேல் வைத்தோம். முடியுமட்டும் கேட்டோம். பத்து வரை எண்ணக் கற்றதனால் நாம் பெற்ற பயன் இதுகாறும் அவ்வளவே. அது சிறிதன்று என்று எண்ணுகின்றோம்.